டீசல் கேரவன், டூரிஸ்ட் வேன் மைலேஜ்: நம்ம மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வேன் வாடகைக்கு விடுபவர்கள், வேனைக் கேரவனாக மாற்றிப் பாடி கட்டுபவர்கள், சம்பளத்துக்கு வண்டி ஓட்டும் தம்பிமார், குடும்பத்தோடு கேரவன் எடுக்க நினைப்பவர்கள் என்று எல்லாரிடமும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கணக்குப் போடும் இடங்களில், ஆளும் சாமானும் சேர்த்து 5 டன் எடையுள்ள, உயரக் கூரை போட்ட வேன் ஒன்றை எடுத்துக்கொண்டேன். உங்கள் வண்டிக்கு எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

அண்ணே, கேரவன்னா லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர் ஓடும்? ஒத்த நம்பரா சொல்லுங்க.

ஒரே எண்ணாகச் சொன்னால் அது தப்பாகத்தான் இருக்கும். டெம்போ டிராவலர் மாதிரி வேனில் கட்டிய கேரவன் பொதுவாக 7 முதல் 10 வரை கொடுக்கும். பஸ் சேஸில் படுக்கை, குளியலறை, சமையல் மேடை எல்லாம் வைத்துக் கட்டிய 12 டன், 14 டன் வண்டி என்றால் 4 முதல் ஐந்தரை. நம்ம அரசுப் பஸ்களும் ஏறக்குறைய இந்த அளவில்தான் ஓடுகின்றன. இராணித்தோட்டம் பணிமனையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் 'கே.எம்.பி.எல்' (லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்) என்று ஆரம்பித்து அரைப் புள்ளிக்காகப் பட்ட பாட்டைச் சொல்வார்கள்.

ஒரே வண்டி ஒரே வாரத்தில் 6ம் கொடுக்கும், 10ம் கொடுக்கும். வேகம், காற்று, நின்று நின்று போவது, நிறுத்தி வைத்து ஏசி ஓட்டுவது ஆகிய நாலும்தான் அதை முடிவு செய்கின்றன. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த நாலைப் பற்றியே வரும்.

யூடியூப்ல ஒரு அமெரிக்காக்காரர் அவரு வண்டிக்கு 8 மைலேஜ்ங்கிறாரு. நம்ம வேனுக்கும் 8தான். அவ்வளவு பெரிய வண்டிக்கு அது நல்ல மைலேஜ் இல்லியா?

அவர் சொல்வது ஒரு கேலனுக்கு 8 மைல். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், மைல் 1.609 கிலோமீட்டர். அவர்கள் சொல்லும் எண்ணை 0.425ஆல் பெருக்கினால் நம்ம கணக்கு வந்துவிடும். 8 என்பது லிட்டருக்கு 3.4 கிலோமீட்டர். அங்கே 40 அடி நீளத்தில், பின்பக்கம் டீசல் எஞ்சின் வைத்து வரும் பெரிய வண்டிகள் 6 முதல் 10 வரை என்பார்கள், அதாவது நமக்கு இரண்டரை முதல் நாலேகால்.

இன்னொன்று, அந்த வண்டிகள் பலவற்றில் ஜெனரேட்டரும் அதே டேங்கிலிருந்துதான் டீசல் எடுக்கும். டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கினால் ஜெனரேட்டர் தானாக நிற்கும்படி குழாயை உயரத்தில் வைத்திருப்பார்கள், ஊர் போய்ச் சேர டீசல் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. நம்ம ஊரில் கேரவன் கட்டுபவர்களும் இதைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். இதைச் செய்யச் சொல்லி நான் கெஞ்சாத பாடி கட்டுபவர் இல்லை.

மைலேஜை எப்படிச் சரியா பாக்கது? டேங்க் முள்ளு பாத்துதான் சொல்லுதோம்.

முள்ளை நம்பவே வேண்டாம். வண்டி சாய்ந்து நின்றால்கூட முள் மாறும். ஃபுல் டு ஃபுல் ஒன்றுதான் வழி. பங்கில் டேங்க் நிறைய அடித்து, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடி முடித்து மறுபடி நிறைய அடியுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை அடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். 408 கிலோமீட்டர் ஓடி 51 லிட்டர் பிடித்தால் 8.

டீசல் நுரைக்கும். முதல் தடவை கைப்பிடி தானாக நின்றதும் விட்டுவிட்டு, அடுத்த தடவை நுரை அடங்கக் காத்திருந்து கழுத்து வரை அடித்தால் இரண்டு மூன்று லிட்டர் வித்தியாசம் வந்துவிடும். அதனால் அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், வண்டி சமதரையில், தானாக நின்ற இடத்தோடு நிறுத்தம். குறைந்தது 300 கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும். ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டாமல், ஒரு மாதக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்.

டிஸ்பிளேல ஆவரேஜ் காட்டுதே, அது போதாதா?

இன்றைக்கும் நேற்றைக்கும் ஒப்பிட அது போதும். வாடகைக் கணக்குக்குப் போதாது. இன்ஜெக்டர் எவ்வளவு தெளித்திருக்கும் என்று கம்ப்யூட்டர் போடும் மதிப்பு அது, பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். டயர் அளவு மாற்றியிருந்தால் கிலோமீட்டரே தப்பாக ஓடும். நாலுவழிச் சாலையில் மஞ்சளும் வெள்ளையுமாக நிற்கும் கிலோமீட்டர் கற்களை வைத்து ஒரு 20 கிலோமீட்டர் சரிபார்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வேகம் அவ்வளவு பெரிய விஷயமா? 80ல போனா சீக்கிரம் போய்ச் சேருவோம், டீசலும் மிச்சம்தானே?

சீக்கிரம் போய்ச் சேரலாம், டீசல் மிச்சமாகாது. கேரவன் ஒரு பெட்டி. முன்பக்கம் அகலமும் உயரமும் சேர்ந்து ஆறு சதுர மீட்டர் வரை காற்றில் மோதுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 60இலிருந்து 80க்குப் போனால் எதிர்ப்பு 1.8 மடங்கு ஆகிவிடும். நான் சொன்ன 5 டன் வேனுக்குக் கணக்குப் போட்டால், சமமான சாலையில், காற்று அசையாத நேரத்தில், ஏசி போட்டு 60இல் போனால் சுமார் 10 கிடைக்கும். 80இல் எட்டுக்குக் கொஞ்சம் கீழே. 100இல் ஆறுகூட வராது.

டூரிஸ்ட் வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80இல் நிறுத்திவிடும் என்பதால் 100 என்ற பேச்சு சொந்தப் பதிவு வண்டிகளுக்குத்தான். அவர்களுக்கு நான் சொல்வது: நாகர்கோவிலிலிருந்து மதுரை சுமார் 240 கிலோமீட்டர். 65இல் போவதற்கும் 80இல் போவதற்கும் முக்கால் மணி நேரம்தான் வித்தியாசம். நடுவில் ஒரு சாப்பாட்டுக்கு நிறுத்தினால் போய்விடும் நேரம் அது. டீசலில் ஐந்தாறு லிட்டர் குறையும்.

திருநெல்வேலி போகும்போது நல்ல மைலேஜ், திரும்பி வரும்போது வண்டி இழுக்கவே மாட்டேங்குது. எஞ்சின் கோளாறா?

எந்த மாதம் என்று முதலில் பாருங்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை என்றால் கோளாறு எஞ்சினில் இல்லை, ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு நடுவில் நெருக்கிப் பிடித்துக் கிழக்கே பாய்கிற இடம் அது. அதற்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை. தோவாளை, ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு போகும்போது காற்று முதுகில் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும்.

30 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு எதிரே 60இல் வந்தால், வண்டி மேல் மோதுவது 90 கிலோமீட்டர் காற்று. முன்கேள்வியில் சொன்ன 10 அங்கே ஆறுக்கு இறங்கிவிடும். போகும்போது 13ஐத் தாண்டியிருக்கும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டும் சரிக்குச் சரி ஆகாது. போக வரச் சேர்த்துப் பார்த்தால் எட்டரை போலத்தான் நிற்கும். காற்றடிக்கும் நாளில் திரும்பி வரும்போது அந்தக் கொஞ்ச தூரத்தை மட்டும் 50இல் வாருங்கள், ஏழுக்கு மேல் வந்துவிடும். உயரமான வண்டி பக்கவாட்டுக் காற்றில் ஆடுவதும் குறையும். எனக்கு டீசலைவிட அது பெரிய காரணம்.

நாகர்கோவில்ல இருந்து களியக்காவிளை வரை 40ஐத் தாண்டினதே இல்ல. மெதுவாப் போனா கூடணும்னு சொன்னீங்க, ஏன் 6தான் வருது?

மெதுவாக ஒரே சீராகப் போனால்தான் கூடும். நின்று நின்று போனால் குறையும். 5 டன் வண்டியை நின்ற இடத்திலிருந்து 50க்குக் கொண்டுபோக, சாதாரணமாக ஓடுவதற்கு ஆகும் டீசல் போக, கூடுதலாக 40 மில்லி வேண்டும். பிரேக் மிதித்த நொடியில் அந்த 40 மில்லியும் சூடாகிப் பிரேக் டிரம்மோடு போய்விடும். 25 தடவை அப்படி நின்று எடுத்தால் ஒரு லிட்டர் போச்சு. பார்வதிபுரம், தக்கலை, குழித்துறை, களியக்காவிளை என்று கூட்டிப் பாருங்கள், 25 என்பது ஒரு நடைக்கே வந்துவிடும். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகு ஜங்ஷனில் நிற்கும் தொல்லை பெரும்பாலும் போனது. அதற்கு முன்னால் ஓட்டியவர்களுக்கு இன்னும் மோசமான கணக்குதான் இருந்தது.

இதில் ஓட்டுபவர் கையில் இருப்பது ஒன்று உண்டு. முன்னால் போகும் பஸ் நிற்கப் போகிறது என்று தெரிந்தவுடன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே வண்டியை உருள விடுவது. கடைசி நொடியில் பிரேக்கில் ஏறி நிற்காமல், 20இல் உருண்டுகொண்டே இருந்தால் அந்த 40 மில்லியில் பெரும்பங்கு மிச்சம். நல்ல டிரைவரையும் சாதா டிரைவரையும் பிரிப்பது இந்தப் பழக்கம் ஒன்றே என்று எனக்குத் தோன்றும்.

கன்னியாகுமரி சன்ரைஸ் பாக்க வந்தவங்க வண்டிக்குள்ளயே ஏசி போட்டு ஒறங்குறாங்க. அதுக்கு எவ்வளவு டீசல் போவும்?

வேன் எஞ்சின் ஏசியோடு சும்மா ஓடினால் மணிக்கு ஒரு லிட்டர், சில சமயம் அதற்கும் மேல். பஸ் எஞ்சின் என்றால் இரண்டு லிட்டருக்கு மேல். காலை நாலரைக்கு வந்து நிறுத்தி ஏழு மணி வரை ஓட விட்டால் வேனுக்கு இரண்டரை லிட்டர். இருபது கிலோமீட்டர் ஓட வேண்டிய டீசல், ஒரு சக்கரமும் சுற்றாமல் தீர்ந்தது. சபரிமலை சீசனில் நவம்பர் முதல் ஜனவரி வரை இது தினமும் நடக்கும்.

கேரவனில் தனியாக 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இருந்தால் அதுவும் கூரை ஏசிக்கு மணிக்கு ஒரு லிட்டர், ஒன்றேகால் என்று எடுக்கும். ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் பத்து லிட்டர் போலப் போகும். தங்கும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முக்கியமாக, ஜெனரேட்டரில் மணி காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்திவிடுங்கள். நின்ற டீசலையும் ஓடிய டீசலையும் பிரிக்காமல் மைலேஜ் பேசுவதில் அர்த்தமே இல்லை.

எறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்தானே?

இல்லை. கூடவே அது உயிருக்கு ஆபத்து. கம்ப்யூட்டர் சொல்கிறபடி டீசல் தெளிக்கும் இப்போதைய 'காமன் ரெயில்' எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது நியூட்ரலில்தான் டீசல் செலவு. எஞ்சின் பிரேக்கும் கிடைக்காது, முழு எடையும் பிரேக் மேல் விழும், டிரம் சூடேறினால் பிரேக் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லித் தந்தது இந்த எஞ்சின்களுக்கும் பொருந்தும்.

ஏற்றத்துக்கு ஒரு கணக்கு: 5 டன் வண்டியை 1000 மீட்டர் உயர்த்தக் கூடுதலாக 4 லிட்டர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏற மட்டும் 7 லிட்டர் அதிகம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அதில் கொஞ்சம் திரும்பி வரும், முழுதாக வராது.

தண்ணி டேங்க் ஃபுல்லா வச்சுட்டுப் போலாமா?

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 300 லிட்டர் என்றால் நாலைந்து பேரைக் கூடுதலாக ஏற்றியதுபோல. நாலுவழிச் சாலையில் சமமாக ஓடும்போது அது பெரிய வித்தியாசம் காட்டாது. பேச்சிப்பாறை, திற்பரப்பு மாதிரி வளைவும் ஏற்றமுமான ரப்பர் தோட்டச் சாலையிலும், மேலே சொன்ன நின்று நின்று போகும் ரோட்டிலும் காட்டும். போகிற இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் பாதி போதும்.

டயர்ல காத்து நல்லாத்தான் இருக்கு, தட்டிப் பாத்தேன்.

லிவரால் தட்டினால் காற்றே இல்லாத டயரைக் கண்டுபிடிக்கலாம், பத்து பவுண்டு குறைந்திருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. பின்பக்கம் இரட்டைச் சக்கரமாக இருந்தால் உள் டயரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், வால்வுக்குக் கை எட்டாததால் மாதக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. அதற்கு நீட்டு வால்வு குழாய் ஒன்று மாட்டிவிடுங்கள். காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால், டயர் ஆறிய நிலையில் காற்றைப் பாருங்கள். எத்தனை பவுண்டு என்பது கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கும். கேரவனாகக் கட்டிய பிறகு எடை கூடியிருந்தால், எடைமேடையில் முன்னச்சு, பின்னச்சு தனித்தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு டயர்க்காரரிடம் கேளுங்கள்.

பிஎஸ்6 வண்டி வாங்கினதுல இருந்து அப்பப்ப மைலேஜ் திடீர்னு குறையுது. ஏன்?

பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலிலிருந்து வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. அது நிறைந்ததும் எஞ்சின் கூடுதல் டீசல் ஊற்றி அந்தக் கரியை எரித்துவிடும். நாலுவழிச் சாலையில் சீராக ஓடினால் இது உங்களுக்குத் தெரியாமலே நடந்து முடியும். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே சின்னச் சின்ன ஓட்டமாக ஓடினால் பாதியில் எஞ்சினை அணைத்துவிடுவோம், அடுத்த தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கும். டீசல் வீணாகும். விளக்கு எரிந்தால் காவல்கிணறு வரை ஒரு ஓட்டம் நிறுத்தாமல் போய் வாருங்கள்.

யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டி என்றால் அதையும் செலவில் சேருங்கள், டீசலில் நூற்றுக்கு நாலைந்து பங்கு போகும். உரக்கடை யூரியாவை வீட்டில் கரைத்து ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அது சுத்தமான தண்ணீரில் 32.5 சதவீதம் சுத்த யூரியா கலந்த கரைசலாக இருக்க வேண்டும். மிச்சப்படுத்திய காசைப்போலப் பல மடங்கு ரிப்பேருக்குப் போய்விடும்.

காலையில டீசல் அடிச்சா கூட கிடைக்குமாமே? அப்புறம் அந்த பாட்டில் மருந்து, கேரளா டீசல்?

பங்கில் டீசல் இருப்பது மண்ணுக்கடியில். காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு பெரிதாக மாறாது. பத்து டிகிரி மாறினாலே நூற்றுக்கு ஒரு பங்குகூட வித்தியாசம் வராது. மைலேஜ் கூடும் என்று டீசலில் கலக்கச் சொல்லும் பாட்டில் மருந்துக்கு நான் காசு கொடுக்க மாட்டேன், அந்தக் காசில் ஏர் ஃபில்டர் மாற்றுவேன். கேரளத்தில் டீசல் விலை நம்மைவிட அதிகம், 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வேறு சேர்ந்தது. திருவனந்தபுரம் போகிறவர்கள் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமே நிறைத்துக்கொள்வது நல்லது.

பழைய டிரைவர் 9 எடுத்தான், புதுப் பையன் 7 தான் எடுக்கான். டீசல் வடிக்கானோ?

இந்தக் கேள்விக்காகத்தான் மேலே இருக்கும் எல்லாவற்றையும் எழுதினேன். நம்ம ஊரில் டிரைவர் வேலை போவதற்கு முதல் காரணம் இந்தச் சந்தேகம். பேட்டாவை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் மேல் திருட்டுப் பட்டம் விழுந்தால் அடுத்த முதலாளியிடமும் அது போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே வாய் திறப்பதற்கு முன் பாருங்கள்: பழையவர் ஓட்டியது பிப்ரவரியில், இவர் ஓட்டுவது ஜூலையிலா? அவர் மதுரை ஓட்டமும் இவர் மார்த்தாண்டம் ஓட்டமுமா? நிறுத்தி வைத்து ஏசி போட்ட மணி எவ்வளவு? நுரையோடு நிறுத்தினார்களா, கழுத்து வரை அடித்தார்களா?

அடுத்து வண்டி. பிரேக் ஒரு சக்கரத்தில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலே ஒரு புள்ளி போய்விடும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி நிறுத்தியதும் நாலு டிரம் பக்கமும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகும். ஏற்றத்தில் கறுப்புப் புகை தள்ளினால் ஏர் ஃபில்டர், டர்போ ஓஸ், இன்ஜெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். டேங்கிலிருந்து எஞ்சின் வரை குழாயில் விரலை ஓட்டிப் பாருங்கள், கசிவு இருந்தால் தூசி பிசுக்காக ஒட்டியிருக்கும்.

பிறகு முதலாளியே பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஒரு ஃபுல் டு ஃபுல் போய் வரட்டும். நீங்கள் இருக்கும்போதும் 7 வந்தால் பையன் மேல் குற்றமில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் அது வண்டிக் கோளாறு. ஒரே ஒரு தடவை மட்டும், வெளியூரில் இரவு தங்கிய பிறகு பத்துப் பதினைந்து லிட்டர் குறைந்திருந்தால், டிரைவர் உறங்கும்போது வேறு யாரோ வடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. டேங்க் மூடிக்கு நல்ல பூட்டு போடுங்கள், நிறுத்தும்போதும் எடுக்கும்போதும் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் போட்டோ முதலாளியைவிட டிரைவருக்குத்தான் பாதுகாப்பு.

சரி, வாடகை பேசும்போது எந்த மைலேஜை வச்சுப் பேச?

உங்கள் வண்டியின் நல்ல நாள் மைலேஜை வைத்துப் பேசாதீர்கள். ஒரு மாதக் கணக்கில் வந்த சராசரியை எடுங்கள், அதுவும் நின்ற டீசலைக் கழித்தது. கன்னியாகுமரியிலிருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். சராசரி 8 என்றால் 88 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 8,184 ரூபாய். ஏசி போட்டு நிறுத்தி வைக்கும் மணிக்கும் ஜெனரேட்டர் மணிக்கும் தனி ரேட் எழுதுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழி திரும்பி வரும் ஓட்டத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். மலை ஏற்றம் இருந்தால் 1000 மீட்டருக்கு 4 லிட்டர். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வாடகைக்கு எடுப்பவரிடம் ஒன்று, டிரைவரிடம் ஒன்று கொடுத்துவிட்டு வண்டியை அனுப்புங்கள்.